மொட்டை மாடி ஒழுகுகிறது, பில்டர் கையை விரிக்கிறார்: மெயின்டனன்ஸைக் கட்டாமல் நிறுத்தலாமா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சென்னைப் புறநகரில் 20 வீடுகள் கொண்ட அடுக்குமாடியில், மேல்தளத்தில் இவர் வீடு. சாவி வாங்கி நாலரை வருடம் ஆகிறது. இரண்டு மழைக்காலமாக மொட்டை மாடியிலிருந்து நீர் கசிந்து, படுக்கையறைச் சீலிங்கில் ஓதம் ஏறி, பூச்சு உப்பி விழுகிறது. பில்டரைக் கேட்டால், "ஒப்பந்தத்தில் ஒரு வருட வாரன்டிதான்" என்கிறார். சங்கமோ, மாடியை நீர்க்கசிவு இல்லாமல் சரிசெய்ய ரூ.4.8 லட்சம் ஆகும், ஒழுகுவது மேல்தளத்து நான்கு வீட்டில்தான், எனவே அந்த நான்கு பேரே ஆளுக்கு ரூ.1.2 லட்சம் போடட்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டது. கோபத்தில் இவர் மாதம் ரூ.3,800 மெயின்டனன்ஸை எட்டு மாதமாகக் கட்டவில்லை. இப்போது அவர் கேட்பது மூன்று: மெயின்டனன்ஸை நிறுத்தியது சரியா, மாடிச் செலவு யார் தலையில், சீலிங்குக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வீட்டை விற்றுவிடலாமா?

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். உங்களுக்கு இன்னும் சுமார் ஐந்து, ஆறு மாதம்தான் இருக்கிறது. ரெரா என்று நாம் சொல்லும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவைப் பாருங்கள். கட்டமைப்பில் குறை, வேலைத்தரத்தில் குறை, பொருள் தரத்தில் குறை, எதுவாக இருந்தாலும், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், அவர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும், செய்யாவிட்டால் இழப்பீடு தர வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த வரிக்கு இந்தச் சட்டத்தை மீறும் வலு கிடையாது. உங்களுடையது 20 வீட்டுத் திட்டம், எட்டு வீட்டுக்குள் அடங்கும் சின்னத் திட்டங்களுக்குப் பதிவிலிருந்து கிடைக்கும் விலக்கைச் சொல்லியும் அவர் தப்பிக்க முடியாது.

ஆனால் 'கவனத்துக்குக் கொண்டுவருவது' என்பதை நாளைக்கு நீங்கள் நிரூபிக்க வேண்டும். "போனில் பலமுறை சொன்னேன், சைட் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போனார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சைட் இன்ஜினியர் நாளை அந்தக் கம்பெனியிலேயே இருக்க மாட்டார். இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். வீட்டு எண், சாவி வாங்கிய தேதி, கசிவை முதலில் பார்த்த மாதம், எந்த அறையில் எந்த மூலையில் என்ற விவரம், 14(3) பிரிவின்படி 30 நாளுக்குள் சரிசெய்து தரக் கோருகிறேன் என்ற வரி, தேதி போட்ட படங்கள், இவ்வளவு இருந்தால் போதும். வக்கீல் நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில், பதிவும் ஒப்புகையும் கேட்டு அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள்), அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். சங்கமும் தன் லெட்டர்ஹெட்டில் தனியாக ஒன்று அனுப்பினால் இன்னும் பலம், ஆனால் அதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

சரி, மெயின்டனன்ஸ். நிறுத்தியது தவறு, உடனே கட்டிவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாதாமாதம் கட்டும் அந்தப் பணம் லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் வாட்ச்மேன் சம்பளத்துக்கும் போவது, மாடிச் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் எந்த ரெரா சட்டத்தை வைத்து பில்டரைக் கேட்கப் போகிறீர்களோ அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பராமரிப்புக் கட்டணம் உட்பட உரிய தொகைகளைச் செலுத்துவது வீடு வாங்கியவரின் கடமை என்றும் சொல்கிறது. எட்டு மாதத்துக்கு ரூ.30,400 ஆகிறது, பைலாவில், அதாவது சங்கத்தின் விதிகளில், தாமத வட்டி இருந்தால் அதுவும் சேரும். இதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறு: பாக்கி வைத்தவர் என்ற பெயரோடு பொதுக்குழுவில் எழுந்தால் நீங்கள் சொல்வது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், "முதலில் பாக்கியைக் கட்டுங்கள்" என்ற ஒரே வரியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். மொத்தத்தையும் வங்கி வழியாகக் கட்டி, கூடவே ஒரு கடிதம் வையுங்கள்: "மாடிப் பழுதுக்காகத் தனியாகக் கேட்கும் ரூ.1.2 லட்சத்துக்கு என் ஆட்சேபம் தொடர்கிறது, இந்தத் தொகை மாதாந்திரப் பராமரிப்புக்கு மட்டும்." அப்படி எழுதினால் கட்டியது கடமைக்கு, மறுப்பது மறுப்புக்கு என்று இரண்டும் தனித்தனியாகப் பதிவாகிவிடும்.

அந்த ரூ.1.2 லட்சத்தை மறுக்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. ரெரா சட்டம் 'பொதுப் பகுதி' என்று எதையெல்லாம் சொல்கிறதோ அதில் படிக்கட்டு, லிஃப்ட் ஆகியவற்றோடு மொட்டை மாடியும் இருக்கிறது. உங்கள் பத்திரத்தில் மாடி யாருக்கும் தனி உரிமையாக எழுதப்படவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அது 20 பேருடைய கூரை. மழை உங்கள் சீலிங்கில் முதலில் தெரிகிறது, அவ்வளவுதான். கூரைக் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர ஆரம்பித்தால் பாதிப்பு மொத்தக் கட்டடத்துக்கும், விலை குறைவது தரைத்தளத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான். ஆக செலவை 20 பேரும் பகிர வேண்டும், சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ரூ.24,000. யூ.டி.எஸ். (நிலத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கு) விகிதத்திலா, சதுர அடிக் கணக்கிலா என்பதை உங்கள் பைலா சொல்லும், எடுத்துப் படியுங்கள். நான்கு பேர் தலையில் கட்டும் தீர்மானத்துக்குப் பைலாவில் ஆதாரம் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்தாலே பல சங்கங்கள் பின்வாங்கிவிடும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022, இப்போது 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, பழைய 1994 சட்டம் போய்விட்டது. உங்கள் சங்கம் பழைய முறையிலேயே ஓடுகிறதா, புதிய சட்டத்துக்கு ஏற்பப் பைலாவை மாற்றியிருக்கிறார்களா என்று செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கத்தோடு சண்டையாக இதைக் கொண்டுபோகாதீர்கள் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். ரூ.4.8 லட்சத்தை யார் போடுவது என்று நீங்கள் 20 பேரும் அடித்துக்கொண்டிருக்கும்போது, அதைப் போட வேண்டிய பில்டர் ஐந்து வருடம் எப்போது முடியும் என்று காத்திருக்கிறார். முதல் தளத்துக்காரரிடம் போய் இதைச் சொல்லுங்கள்: "நாம் சேர்ந்து எழுதினால் உங்கள் ரூ.24,000-மும் மிச்சம்." பொதுக்குழுவில் சட்டப்பிரிவு பேசுவதைவிட இது வேலை செய்யும்.

அடுத்தது ஆதாரம். எனக்கு வரும் கசிவு வழக்குகளில் பாதி இங்கேதான் சொதப்புகிறது. மாடியை யாரும் தொடுவதற்கு முன்னால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அவர் மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, தண்ணீர் கட்டி, ஓரிரு நாள் நிறுத்தி, கீழே சீலிங்கில் ஈரம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பார். மாடியில் வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்குகிறதா, நீர் இறங்காமல் தடுக்கும் சுர்க்கித் தளமும் தட்டோடும் சரியாகப் போடவில்லையா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசலா, இதை அவர் காரணத்தோடு எழுத வேண்டும். வெறுமனே "கசிவு உள்ளது" என்ற அறிக்கை உங்களுக்கு உதவாது, "கட்டும்போது வாட்டம் கொடுக்கவில்லை, அதனால் கசிகிறது" என்ற அறிக்கைதான் உதவும். ஏனென்றால் பில்டர் என்ன பதில் சொல்வார் என்பது எனக்கு இப்போதே தெரியும்: "மாடியில் டிஷ் ஆன்டெனாவுக்குத் துளை போட்டார்கள், சோலார் ஹீட்டர் வைத்தார்கள், அதனால்தான் ஒழுகுகிறது." உங்கள் மாடியில் டிஷ் ஸ்டாண்டு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துளைக்கும் கசியும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று இன்ஜினியரை அளந்து எழுதச் சொல்லுங்கள்.

பில்டர் 30 நாளில் வராவிட்டால், அடுத்த மழை வரை வீட்டை ஒழுகவிட்டுக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அறிக்கை கையில், படங்கள் கையில், நோட்டீஸ் போய்ச் சேர்ந்த ஒப்புகை கையில் இருக்கிறது என்றால் சங்கம் வேலையைச் செய்துகொள்ளலாம், அந்தச் செலவைப் பில்டரிடம் கேட்கலாம். ஆனால் ஜி.எஸ்.டி. பில், வங்கி வழிப் பணம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம், மூன்றும் அவசியம். மேஸ்திரியிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து ரூ.4.8 லட்சம் வாங்கிக் கொடுங்கள் என்றால் நான் எதைக் காட்டுவது?

எங்கே போவது என்பதும் முக்கியம். பழுதைச் சரிசெய்து கொடு என்ற உத்தரவு வேண்டுமென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் படிவம் எம். இழப்பீடு வேண்டுமென்றால் அங்கேயே தீர்ப்பு அலுவலரிடம் படிவம் என். உச்ச நீதிமன்றம் 2021-இல் நியூடெக் வழக்கில் இந்தப் பிரிவினையைத் தெளிவாக்கிவிட்டது, இழப்பீட்டைத் தீர்ப்பு அலுவலர்தான் முடிவு செய்ய வேண்டும். தவறான படிவத்தில் போட்டு ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருபவர்களைப் பார்க்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ரெரா இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடவில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2020-இல் இம்பீரியா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். காலவரம்பு இரண்டு வருடம். அப்புறம், எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்துப் பார்ப்பதில்லை, வீட்டுக்குக் கொடுத்த விலையை வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் கொடுத்தது ரூ.58 லட்சம், ரூ.50 லட்சத்தைத் தாண்டுவதால் மாவட்ட ஆணையம் இல்லை, மாநில ஆணையம். உங்கள் நிலையில் நான் ரெராவையே எடுப்பேன். ஒரே நிவாரணத்தை இரண்டு இடத்திலும் கேட்க வேண்டாம்.

கடைசியாக, பெயின்ட் அடித்து விற்பது. செய்யாதீர்கள். 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது, சொல்லாமல் விடுவதை மோசடி என்றே சொல்கிறது. ஓதத்தின் மேல் புட்டி வைத்து வெள்ளையடித்தால் அந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாததாக ஆக்குவதே நீங்கள்தான். ஐப்பசியில் முதல் மழைக்கு அது வெளியே வரும், நோட்டீஸ் இந்த முறை உங்கள் பெயருக்கு வரும். விற்பனைத் தேதி வரையிலான சொத்துவரியும் அதே பிரிவின்படி உங்கள் பொறுப்பு, மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்குபவரின் வங்கி கேட்கும். இவை சரியாக இல்லாவிட்டால் வாங்குபவர் விலையில் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று அடிப்பார், அது நீங்கள் நிறுத்தி வைத்த ரூ.30,400-ஐவிடப் பல மடங்கு.

பில்லைப் பத்திரப்படுத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரி கணக்கிடுகையில், வீட்டை மேம்படுத்தச் செய்த மூலதனச் செலவை வாங்கிய விலையோடு சேர்த்துக்கொள்ளலாம். பெயின்ட், சில்லறை ரிப்பேர் சேராது, புதிதாக ஒன்றைக் கட்டியது, நிரந்தரமாகச் சேர்த்தது போன்றவைதான் சேரும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், இந்தியாவில் வசிப்பவரான உங்களுக்கு இன்டெக்சேஷன் (பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதமா, இன்டெக்சேஷனோடு 20 சதவீதமா, எதில் வரி குறைவோ அதன்படி கட்டும் வசதி இருக்கிறது. ஆடிட்டரிடம் இரண்டு கணக்கையும் போடச் சொல்லுங்கள்.

கசிவை மறைக்காமல் விற்றால் விலை போய்விடுமே என்று பயப்படுவீர்கள். அவ்வளவு போகாது, காரணம் இருக்கிறது. ரெரா சட்டத்தில் 'ஒதுக்கீடு பெற்றவர்' என்ற சொல்லுக்குள், பிறகு அந்த வீட்டை விலைக்கு வாங்குபவரும் வருகிறார். நீங்கள் ஐந்து வருடத்துக்குள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால், அந்தக் கோரிக்கையைத் தொடர அவருக்கும் வழி இருக்கிறது. எனவே கடிதத்தின் நகல், ஒப்புகை, இன்ஜினியர் அறிக்கை, செலவு செய்த பில்கள், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, வாங்க வருபவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் கசிவு விவரத்தைத் தெரிவித்ததாக ஒரு பத்தி எழுதி, இழப்பீடு வந்தால் அது யாருக்கு என்பதையும் அதிலேயே முடிவு செய்துவிடுங்கள். பில்டருக்கான கடிதத்தை எழுதியதும், சாவி வாங்கிய அன்று கையெழுத்துப் போட்ட ஒப்படைப்புக் கடிதத்தின் நகலோடு எனக்கு அனுப்புங்கள், தேதிக் கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.