ஃபாரோ கலைப்பும் சிமுலேட்டர் பயிற்சியும்: கேள்வி பதில்

சீட்டை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துக் கலைக்கும் ஃபாரோவை, கலைப்பைத் திரையில் செய்து காட்டும் சிமுலேட்டர் வைத்துப் பழகுவது பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஃபாரோ தவிர்த்த விஷயங்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே: கட்டிலிருந்து ஜோக்கர்களை எடுத்துவிட்டு, 52 இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

புதுக்கட்டு: வணக்கம் சார். இன் ஃபாரோ, அவுட் ஃபாரோ என்கிறார்களே, என்ன வித்தியாசம்? சிமுலேட்டரில் பழகினால் கையில் வந்துவிடுமா?

கட்டை 26-26 ஆகப் பிரித்து, இரண்டு பாதியையும் ஒரு சீட்டுகூடப் பிசகாமல் கோக்க வேண்டும். கோத்த பிறகு பழைய மேல் சீட்டு மேலேயே நின்றால் அவுட். அது இரண்டாவது இடத்துக்கு இறங்கிவிட்டால் இன். இந்தப் பெயர்களை வைத்தவர் அலெக்ஸ் எல்ம்ஸ்லி என்ற பிரிட்டிஷ் மேஜிக் கலைஞர். கணினித் துறையில் வேலை பார்த்தவர் என்பதால் கணக்கும் அவருக்குக் கை வந்த விஷயம்.

சிமுலேட்டரில் பழகினால் கையில் வராது. விரலுக்கு அட்டைதான் வாத்தியார். எந்தச் சீட்டு எங்கே போகிறது என்பது யோசிக்காமலே தெரியும் அளவுக்குப் பழக்கிவிடுவதுதான் சிமுலேட்டரின் வேலை. அந்தப் பழக்கம் இல்லாதவர் மேடையில் கலைக்கும்போது மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார், பேச்சு நின்றுவிடும், எதிரே இருப்பவர் கவனித்துவிடுவார்.

பழகும் முறை இதுதான். பொத்தானை அமுக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுங்கள். மேலிருந்து எண்ணி ஒரு சீட்டு எத்தனையாவது என்று பாருங்கள். அவுட் ஃபாரோவில் மேல்பாதிச் சீட்டென்றால் அந்த எண்ணை இரட்டித்து 1 கழியுங்கள், கீழ்ப்பாதி என்றால் இரட்டித்து 52 கழியுங்கள். 14ஆவது சீட்டு 27ஆவது இடத்துக்குப் போகும், 40ஆவது 28க்கு வரும். இன் ஃபாரோவில் மேல்பாதிக்கு வெறும் இரட்டிப்பு, கீழ்ப்பாதிக்கு இரட்டித்து 53 கழிக்க வேண்டும். சொன்ன பிறகு அமுக்கிச் சரிபாருங்கள். சும்மா அமுக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பது பயிற்சி ஆகாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை: சிமுலேட்டரில் நீங்களாக மாற்றாதவரை கட்டு 26-26 ஆகத்தான் பிரியும். உங்கள் கையில் அப்படிப் பிரியாது.

ஜோக்கர்54: 8 அவுட் ஃபாரோவில் கட்டு பழைய வரிசைக்கே வந்துவிடும் என்கிறார்கள். சிமுலேட்டரில் வருகிறது, எனக்கு வரவில்லை.

உங்கள் பெயரிலேயே விடை இருக்கிறது. 54 சீட்டோடு செய்தால் 8 முறையில் திரும்பாது, 52 அவுட் ஃபாரோ வேண்டும். ஜோக்கர்களை எடுத்துவிடுங்கள்.

கைப்பேசி: கைப்பேசியில் பழகுவது நல்லதா, கணினியிலா?

52 சீட்டும் ஒரே பார்வையில் தெரியும் திரை எதுவோ அது.

ஒன்றும்சுழியும்: மேல் சீட்டை நாம் விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோக பைனரி எண் முறை இருக்கிறதாமே? விளக்க முடியுமா?

ஃபாரோவிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது. எல்ம்ஸ்லி கண்டுபிடித்து 1957இல் எழுதினார். மேல் சீட்டு 10ஆவது இடத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே 9 சீட்டு இருக்க வேண்டும். 9ஐ பைனரியில், அதாவது 1, 0 இரண்டை மட்டும் வைத்து எழுதினால் 1001. 1 வருமிடத்தில் இன், 0 வருமிடத்தில் அவுட். ஆக இன், அவுட், அவுட், இன்.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் மறக்கவே மறக்காது. உங்கள் சீட்டின்மேல் எத்தனை சீட்டு இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். சீட்டு மேல்பாதியில் இருக்கும்வரை ஒரு அவுட் அந்த எண்ணிக்கையை இரட்டிக்கும், ஒரு இன் இரட்டித்து மேலும் ஒன்று கூட்டும். முதலில் மேலே 0. இன் போட்டால் 1, அவுட் போட்டால் 2, இன்னொரு அவுட்டில் 4, கடைசி இன்னில் 9. பைனரி எண்ணை இடமிருந்து வலமாக வாசிக்கும்போது நடப்பதும் இதேதான், ஒவ்வொரு இலக்கத்துக்கும் இரட்டித்துக் கூட்டுகிறோம்.

21ஆவது இடத்துக்கு? 20 என்பது 10100. இன், அவுட், இன், அவுட், அவுட். சிமுலேட்டரில் போட்டுப் பாருங்கள், மேலே இருக்கும் சீட்டு 1, 2, 5, 10, 20 என்று கூடுவது கண்ணெதிரே தெரியும். எண்களை மாற்றி மாற்றி இதைச் செய்யுங்கள். சிமுலேட்டருக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

முட்டுக்கட்டை: கணக்கெல்லாம் சரி. சீட்டு ஒன்றுக்குள் ஒன்று போகவே மாட்டேன் என்கிறது, முட்டிக்கொண்டு நிற்கிறது. அழுத்தினால் வளைகிறது.

அழுத்தாதீர்கள். ஃபாரோ பலத்தால் வருவதில்லை. அச்சடித்த அட்டையை வெட்டும்போது ஓரத்தில் மிக நுண்ணிய சாய்வு விழுந்துவிடும். அதனால் ஒரு திசையில் கோத்தால் சீட்டுகள் ஒன்றையொன்று ஏற்கும், எதிர்த் திசையில் முட்டும். அதே கட்டை முகம் மேலாகத் திருப்பிக் கோத்துப் பாருங்கள், பல கட்டுகள் உடனே வழிக்கு வரும்.

கோக்கும் முன் இரண்டு பாதியின் ஓரங்களையும் மேசையில் தட்டிச் சமன்செய்யுங்கள். ஒரு சீட்டு மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் கோப்பு அங்கே நின்றுவிடும். பிறகு ஒரு மூலையில் முதல் சில சீட்டுகள் பிடித்ததும், தள்ளுவதை விட்டுவிட்டு ஒரு பாதியை மற்றதன்மேல் மெல்லச் சாய்த்து அசையுங்கள். மீதி தானாக ஓடும். ஓரம் நைந்த, பிசுபிசுத்த கட்டில் பழகி மனம் சலித்துப்போகாதீர்கள்.

ரம்மிராஜா: பணம் வைத்து ஆடும்போது இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. அது திருட்டு. இங்கே மேஜிக் மட்டும்.

ஏழுமுறை: 7 முறை கலைத்தால் கட்டு முழுக்கக் கலைந்துவிடும் என்று படித்தேன். 8 முறையில் திரும்பி வருகிறது என்றால் இரண்டில் எது பொய்?

இரண்டும் மெய். 1992இல் கணித அறிஞர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் எழுதியது சாதாரண ரிஃபிள் கலைப்பைப் பற்றி. அதில் கட்டு கொஞ்சம் ஏறுமாறாகப் பிரியும், சீட்டுகளும் இரண்டு மூன்றாகச் சேர்ந்து விழும். அந்த ஒழுங்கின்மைதான் கட்டைக் கலைக்கிறது. கச்சிதமான ஃபாரோவில் தற்செயலுக்கு இடமே இல்லை, எத்தனை முறை செய்தாலும் ஒவ்வொரு சீட்டும் போகும் இடம் முன்பே தீர்மானமானது. உங்கள் சிமுலேட்டரில் 'ரிஃபிள்', 'ஃபாரோ' என்று இரண்டு பொத்தான் இருந்தால் இதுதான் வித்தியாசம். தவறான பொத்தானை அமுக்கிவிட்டுக் கணக்கு தப்பு என்று சொல்பவர்கள் நிறைய.

மெதுவாக: 8 முறை செய்தும் எனக்குப் பழைய வரிசை வரவில்லை, ஜோக்கர் இல்லை, 52தான்.

அப்படியானால் பெரும்பாலும் 26-26 பிரியவில்லை. எந்த இடத்தில் பிசகியது என்று கண்டுபிடிக்க வழி சொல்கிறேன். புதுக்கட்டு வரிசையில் அடுக்குங்கள்: மேலிருந்து இஸ்பேட் ஏஸ் முதல் ராஜா வரை, டைமன் ஏஸ் முதல் ராஜா வரை, பிறகு கிளாவர் ராஜாவிலிருந்து ஏஸ், ஆர்ட்டின் ராஜாவிலிருந்து ஏஸ். இதில் 18ஆவது சீட்டு டைமன் 5, 35ஆவது கிளாவர் 5. ஒவ்வொரு அவுட் ஃபாரோவிலும் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொள்ளும், வேறெங்கும் போகாது.

முதல் ஃபாரோவை மேலிருந்து கோத்து முடித்ததும் எண்ணிப் பாருங்கள். கிளாவர் 5 18ஆவது இடத்தில் இருந்தால் வெட்டு சுத்தம். 20ஆவது இடத்தில் இருந்தால் மேல்பாதியில் 25தான் எடுத்தீர்கள். 16ஆவது இடத்தில் இருந்தால் 27 எடுத்துவிட்டீர்கள், அடிச் சீட்டும் மாறியிருக்கும். சிமுலேட்டரில் வேண்டுமென்றே 25இல் பிரித்து இதைச் செய்து பாருங்கள், அப்போதுதான் மனதில் பதியும்.

நூற்றுக்குநூறு: இதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரு சீட்டு பிசகினால் மொத்தமும் வீண். சிமுலேட்டர் போலச் சுத்தமாக வரும்வரை யார் முன்னாலும் ஃபாரோ செய்யக் கூடாது.

மேல்பாதி: அதெல்லாம் இல்லை. நான் பிசகோடுதான் செய்கிறேன், வித்தை நடக்கிறது.

நூற்றுக்குநூறு சொல்வதைக் கேட்டுத்தான் பலர் ஃபாரோவையே விட்டுவிடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். 25-27 என்று பிரித்து மேலிருந்து கோத்தால் என்ன ஆகிறது? மேல்பாதியின் 25 சீட்டும் போக வேண்டிய இடத்துக்கே போகின்றன. கீழ்ப்பாதிச் சீட்டுகள்தான் இரண்டு இடம் தள்ளி விழுகின்றன, கடைசி இரண்டு மட்டும் கோக்கப்படாமல் அடியிலேயே தங்கிவிடும். ஆக, உங்கள் வித்தை மேலே இருக்கும் சில சீட்டுகளை நம்பியிருந்தால் இந்தப் பிசகு அதைத் தொடவே தொடாது.

நான்கு ஏஸும் மேலே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு சேர்த்து நான்கு பேருக்குச் சீட்டுப் போட்டு, கடைசியாகப் போட்டுக்கொள்ளும் உங்களுக்கே நான்கு ஏஸும் வர வேண்டும். இரண்டு இன் ஃபாரோ போதும். முதலாவதில் ஏஸ்கள் 2, 4, 6, 8 ஆகும், இரண்டாவதில் 4, 8, 12, 16. இதற்கு முதல் ஃபாரோவில் மேல்பாதியின் முதல் 4 சீட்டு சரியாகக் கோக்கப்பட்டால் போதும், இரண்டாவதில் முதல் 8. அதற்குக் கீழே சீட்டுகள் இரட்டையாக விழுந்தாலும் கவலையில்லை.

நூற்றுக்குநூறு: அடியிலிருந்து கோப்பவர்களுக்கு?

நல்ல கேள்வி. கோக்கத் தொடங்கும் முனை சுத்தமாக இருக்கும், பிசகு எதிர்முனைக்குப் போய்விடும். அடியிலிருந்து கோத்தால் மிச்சச் சீட்டு மேலே வந்து உட்காரும், அப்போது ஏஸ்கள் எல்லாம் இடம் மாறிவிடும். மேல் சீட்டுகளை நம்பும் வித்தைக்கு மேலிருந்தே கோக்கப் பழகுங்கள், அந்தத் திசையில் இணங்கும் கட்டையே எடுங்கள்.

நூற்றுக்குநூறு: சரி, கண்ணாடி வரிசைக்கு? அதில் ஒரு சீட்டு பிசகினாலும் போச்சே.

அதில் உங்கள் கட்சிதான் நானும். மற்றவர்களுக்காக: மேலிருந்து எத்தனையாவதோ அடியிலிருந்தும் அத்தனையாவதில் அதே மதிப்புச் சீட்டு இருப்பதைக் கண்ணாடி வரிசை என்கிறோம். ரஸ்டக் என்ற பெயரில் எழுதிய ரஸ்ஸல் டக் 1957இல் கொடுத்த யோசனை. இன், அவுட் எதை எத்தனை முறை செய்தாலும் அந்தச் சமச்சீர் குலையாது. மேலே சொன்ன புதுக்கட்டு வரிசையே கண்ணாடி வரிசைதான், அடுக்கிப் பாருங்கள். இதில் மொத்தக் கட்டும் வேலை செய்வதால் ஒரு பிசகும் ஒத்துக்கொள்ளாது. எந்த வித்தைக்கு எத்தனை சீட்டு சரியாக வேண்டும் என்பதைச் சிமுலேட்டரில் முதலில் பாருங்கள். அதை வைத்து முடிவு செய்யுங்கள், எப்போது மேடையேறலாம் என்று.

மேல்பாதி: அப்போ நான் சொன்னதுதான் சரி!

ஏஸ் வித்தைக்கு, ஆம். நீங்கள் மேலிருந்து கோப்பவராக இருந்தால்.

திருப்பிக்கொண்டுவா: பைனரி முறை மேல் சீட்டைக் கீழே கொண்டுபோகிறது. நடுவில் இருக்கும் சீட்டை மேலே கொண்டுவர?

கடினமான கேள்வி. எல்ம்ஸ்லி விட்டுப்போன புதிர் இது. டயகோனிஸும் இன்னொரு கணித அறிஞரான ரான் கிரஹாமும் 2007இல் விடையை எழுதி வெளியிட்டார்கள். 52 சீட்டில் எந்த இடத்துச் சீட்டையும் 6 ஃபாரோவுக்குள் மேலே கொண்டுவரலாம், ஆனால் மனக்கணக்காக மேடையில் போடும் அளவுக்கு எளிதாக இல்லை. சிமுலேட்டரில் ஒவ்வொரு இடத்துக்கும் வழியைத் தேடி ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நானேஎழுதுவேன்: சொந்தமாகச் சிமுலேட்டர் எழுதலாமா?

எழுதுங்கள். ஒரு வரிசை, அதை வெட்டும் ஒரு எண், கோக்கும் ஒரு சுற்று, அவ்வளவுதான். வெட்டும் எண்ணை 26 என்று பூட்டி வைக்காதீர்கள், 25உம் 27உம் கொடுக்க முடிய வேண்டும். எழுதி முடித்ததும் மூன்று சோதனை: 8 அவுட்டில் கட்டு பழைய வரிசைக்கு வர வேண்டும், 26 இன்னில் தலைகீழாக வேண்டும், 52 இன்னில் திரும்பவும் பழைய வரிசை.

வேகம்: எத்தனை நொடியில் ஒரு ஃபாரோ முடிக்க வேண்டும்?

வேகத்தை விடுங்கள், வெட்டைக் கவனியுங்கள்.

எட்டாவது: சார், 8 முறை செய்தேன், பழைய வரிசை வரவில்லை...

ஜோக்கர். அது இல்லையென்றால் 'மெதுவாக' என்பவருக்குச் சொன்ன கிளாவர் 5 சோதனை. அதை ஒவ்வொரு ஃபாரோவுக்குப் பின்பும் செய்யுங்கள், 8 முடியும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டாவதில் அது 35க்கும் மூன்றாவதில் 18க்கும் வர வேண்டும். எந்த ஃபாரோவில் அது வழி தவறுகிறதோ அங்கேயே நிறுத்தி, கட்டை மறுபடி அடுக்கித் தொடங்குங்கள்.