வன்னியில் ஏ/எல் படிக்கும் ஒருவர் விமானங்களுக்கான வலு இலத்திரனியலில் ஆராய்ச்சியாளராக வரலாமா?

வரலாம். நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன்: மின்சாரத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றிக் கட்டுப்படுத்துவது. "எங்கட பள்ளிக்கூடத்தில் ஒழுங்கான ஆய்வுகூடம் இல்லை, அடித்தளம் காணாது" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருந்தீர்கள். அதுதான் என்னை எழுத வைத்தது. அதே நினைப்பில் நானும் பல வருடம் கூனிப்போய் இருந்தவன்.

தொண்ணூறுகளில் புதுக்குடியிருப்புப் பக்கம் வளர்ந்தேன். மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடையால் பற்றரியும் உள்ளே வராது. செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்ற வேண்டும். பெடல் சுற்றுவது என் வேலை. டைனமோவில் வருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நேரே கொடுத்தால் இரைச்சல்தான். சித்தப்பா ஒரு பழுதான பெட்டியிலிருந்து நாலு டயோட்டும் ஒரு கொன்டென்சரும் கழற்றி இடையில் பொருத்தினார். "ஒரே சீராச் சுத்தடா, கூடச் சுத்தினா பெட்டி எரிஞ்சுபோம்" என்பார். வேகம் கூடினால் வோல்ட்டும் கூடும், அதிர்வெண்ணும் கூடும் என்று முதலில் கைதான் படித்தது. ஏ/எல்லில் இருவாயிப் பாலத்தின், அதாவது அந்த நாலு டயோட்டுச் சுற்றின், படத்தைக் கண்டபோது, இது எங்கள் திண்ணையில் இருந்த சாமான் அல்லவா என்று இருந்தது.

சரி, விமானத்துக்கு வருகிறேன். பழைய விமானங்களில் எஞ்சினுக்கும் ஜெனரேற்றருக்கும் நடுவே வேகத்தை மாறாமல் வைக்க ஒரு கியர்ப் பெட்டி இருக்கும். 115 வோல்ட், 400 ஹேர்ட்ஸ் அப்படியே வரும். போயிங் 787 இல் அந்தப் பெட்டி இல்லை. அதிர்வெண் எஞ்சின் வேகத்தோடு 360 முதல் 800 ஹேர்ட்ஸ் வரை ஏறி இறங்கும். அதில் ஒரு பகுதியை ±270 வோல்ட் நேரோட்டமாக்கித்தான் பெரிய மோட்டர்களை ஓட்டுகிறார்கள். 250 கேவிஏ ஜெனரேற்றரையும் 3 வாற் டைனமோவையும் ஒப்பிடுவதா என்று யாராவது வருவார்கள். அங்கே வோல்ட்டைத் தனியாகக் கட்டுப்படுத்துகிறார்கள், அளவும் வேறு, தெரியும். சுற்றுகிற வேகம் மாறும்போது சீரான நேரோட்டம் எடுப்பது எப்படி என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றுதான்.

என் பங்கு மின்காப்பு, அதாவது மின் பாயக் கூடாத இடத்தில் பாயாமல் தடுப்பது. 40,000 அடியில் காற்றமுக்கம் தரையில் உள்ளதில் ஐந்தில் ஒன்று அளவுதான். காற்று மெலிந்தால் பொறி பாய்வது சுலபம். ஆனால் சுத்தமான காற்றில், எவ்வளவு இடைவெளி விட்டாலும், ஏறத்தாழ 327 வோல்ட்டுக்குக் கீழே பொறி பாயாது. பாஷன் விதி அது. 270 தனியே அந்த எல்லைக்குள் நிற்கும், ஆனால் +270 கம்பிக்கும் −270 கம்பிக்கும் இடையே 540. தரையில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய எங்கள் மின்சுற்றுப் பலகையை ஓர் இரவு வெற்றிட அறைக்குள் வைத்துக் காற்றை இறைத்தோம். விளக்கை அணைத்ததும் இரண்டு செப்புத் தடங்களின் ஓரத்தில் ஊதா ஒளி கசிந்தது, காற்றுக்குள் மின் கசிகிறது என்று அர்த்தம். ஆறு மாத உழைப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. தட விளிம்புகளை வளைத்து, பூச்சையும் மாற்றி, மூன்றாவது பலகையில்தான் அது நின்றது.

பின்தங்கிய மாவட்டக் கோட்டாவில் நுழைந்தவன் என்று என்னை எழுதியவர்களும் உண்டு. ஆம், முல்லைத்தீவிலிருந்து அப்படித்தான் போனேன். பல்கலைக்கழகப் பரீட்சைத் தாளை யாரும் எனக்காகத் தனியாகத் தயாரிக்கவில்லை. உங்களுக்கு இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இடப்பெயர்வில் என் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தது. பிறகு எடுத்த பிரதியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் என் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது, ஏ/எல் சான்றிதழில் அது இல்லை. அதைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு நாலு தரம் பஸ் ஏறினேன். நாலு தரமும் "நாளைக்கு வாங்கோ" என்றார்கள். கலாநிதிப் படிப்பை ஒரு தவணை பிந்தித்தான் தொடங்கினேன். இன்றைக்கும் ஆறவில்லை. உங்கள் சான்றிதழ்களை இந்தக் கிழமையே எடுத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.