ரவிக்கை தளர்ந்தது, எடை குறையவில்லையே?

வாசகர் கேள்விகளுக்கு உணவியல் ஆலோசகர் பதில்

கேள்வி: என் வயது 43. மூன்று மாதங்களாகத் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்கிறேன். மாலை நேர வடை, பஜ்ஜியை அடியோடு நிறுத்திவிட்டேன். தையற்காரர் என் ரவிக்கைகளை இரு பக்கமும் அரை அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் எடை 71 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு மட்டுமே இறங்கியிருக்கிறது. போன வாரம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் 71.6 காட்டியது. "மெஷின் பொய் சொல்லாது" என்கிறார் என் கணவர். நான் எதை நம்புவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் தவறில்லை. தன் மேல் ஏறி நிற்கும் எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. எலும்பு, தசை, இரத்தம், காலையில் குடித்த தண்ணீர், குடலில் இருக்கும் நேற்றைய சாப்பாடு, உடுத்திய சேலை எல்லாமே அந்த 70 கிலோவுக்குள் அடக்கம். நீங்கள் குறைக்க நினைப்பது இவற்றுள் கொழுப்பு ஒன்றைத்தான். அதை மட்டும் தனியே பிரித்துக் காட்ட இயந்திரத்தால் முடியாது.

கல்யாண வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு உடலில் சேர, செலவானது போக ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். 1.6 கிலோ என்றால் 12,000 கலோரிக்கு மேல். பாயசத்தை எத்தனை முறை கேட்டு வாங்கியிருந்தாலும் ஒரு பந்தியில் அது நடக்காது. நடந்தது வேறு. நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்துக்கொள்கின்றன. இந்தச் சேமிப்பு அதிகம் போனால் அரைக் கிலோ அளவுக்கு வரும்; ஆனால் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றைக் குறைத்த முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கிவிட்டதென்று பலர் மகிழ்வதும், ஒரே விருந்தில் அது திரும்பி வந்துவிட்டதென்று சோர்வதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான். அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் ஆகியவற்றின் உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைத் தேக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்குவதும் இதே கதைதான். நான்கு நாள் பொறுத்தால் வந்த வழியே போய்விடும்.

எடை தூக்கும் பயிற்சி உங்கள் கணக்கில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. புதிதாகப் பயிற்சி செய்யும் தசைகளில் சிறிது நீர் கோக்கும். வாரங்கள் செல்லச் செல்லத் தசையும் ஓரளவு வளரும். கொழுப்பு குறைந்த இடத்தில் தசை கூடினால் இயந்திரத்துக்கு வரவும் செலவும் நேராகிவிடும். ஆனால் ஒரு கிலோ கொழுப்பு, ஒரு கிலோ தசையைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே உடல் சுருங்கும், எடை அப்படியே நிற்கும்.

இனி உங்கள் தையற்காரரிடம் வருவோம். என் பார்வையில் இந்த வழக்கின் முக்கியச் சாட்சி அவர்தான். பக்கத் தையலை அரை அங்குலம் உள்ளே தள்ளினால் முன் துணியில் அரை, பின் துணியில் அரை என்று ஒரு பக்கத்துக்கு ஓர் அங்குலம் குறைகிறது. இரு பக்கத்துக்கும் இரண்டு அங்குலம், அதாவது ஐந்து சென்டிமீட்டர். மூன்று மாத உழைப்புக்கு இது நல்ல பலன். இனி வீட்டிலேயே இதைக் கவனிக்க விரும்பினால், தையற்கடைக்கு எடுத்துப் போவீர்களே, அதுபோல் ஓர் அளவு ரவிக்கையைத் தனியே எடுத்து வையுங்கள். இழுபடாத பருத்தித் துணியாக, பலமுறை துவைத்துச் சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிந்ததாக இருக்கட்டும். அதை அன்றாடம் அணியாமல் மாதம் ஒருமுறை மட்டும் போட்டுப் பாருங்கள். எந்தக் கொக்கி வரை சிரமமின்றி மாட்ட முடிகிறது, கைச்சுற்றில் எத்தனை விரல் நுழைகிறது என்று எழுதி வையுங்கள். நைட்டியும் எலாஸ்டிக் வைத்த சுடிதார் பேண்ட்டும் இதற்கு உதவா. அவை யாரையும் வருத்தப்பட வைக்காத உடைகள். நம் வீடுகளில் பத்துக் கிலோ ஏறியதே தெரியாமல் போவதற்கு அவையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கேள்வி: 52 வயதாகும் எனக்கு இருபது ஆண்டுகளாகப் பேண்ட் அளவு 34தான், மாறவே இல்லை. உயரம் 168 சென்டிமீட்டர். ஆனால் மருத்துவர் என் இடுப்பை அளந்துவிட்டு 40 அங்குலம் என்கிறார். டேப்பில் தவறா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: டேப்பில் தவறில்லை, பேண்ட் இறங்கிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் தொப்புள் அருகே நின்ற இடுப்புப் பட்டை, வயிறு முன்னே வர வர அதற்குக் கீழே போய் இடுப்பெலும்பில் தங்கியிருக்கும். அந்த இடத்தின் சுற்றளவு அவ்வளவாக மாறுவதில்லை. போதாக்குறைக்கு, ஆயத்த ஆடைகளின் சீட்டில் உள்ள எண்ணும் உள்ளே இருக்கும் உண்மையான அங்குலமும் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை.

அளக்கும் முறை இதுதான். சட்டையைக் கழற்றிவிட்டு, பாதங்களைச் சேர்த்து நேராக நில்லுங்கள். விலாப் பக்கத்தில் கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பை விரலால் தொட்டு அடையாளம் செய்யுங்கள். அதற்கு நேர் கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள மட்டத்தில் டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இயல்பாக மூச்சை விட்டு முடித்த நிலையில் எண்ணைப் படியுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பது உடன் நிற்பவருக்குச் சிரிப்பை வரவழைப்பதைத் தவிர வேறொன்றுக்கும் பயன்படாது. இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். பழைய துணி டேப் நாளடைவில் இழுபட்டு நீண்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு சென்டிமீட்டர் முன்பின்னாக வருவது அளப்பவரின் கைப்பிழைக்குள் அடங்கும் என்பதால் தினமும் அளப்பதில் பொருளில்லை. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் அளந்தால் போதும்.

இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எச்சரிக்கை எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். உங்களுடைய 40 அங்குலம் ஏறக்குறைய 102 சென்டிமீட்டர். இன்னும் எளிதாக நினைவில் வைக்கக்கூடிய ஒரு கணக்கும் உண்டு: இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு அது 84. உடனே 84-க்குப் பாய வேண்டாம். முதலில் 98 வரட்டும்.

நம் எல்லை மேலைநாட்டாரின் எல்லையைவிடக் குறைவாக இருப்பது ஏன் என்று கேட்பீர்கள். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. எடையையும் உயரத்தையும் கொண்டு கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒரே அளவுதான், 22.3. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை இயந்திரம் இந்த இருவரையும் வேறுபடுத்திக் காட்டியிருக்காது. கை கால் மெலிந்து, வயிற்றில் மட்டும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் உடல்வாகு நம்மில் மிகுதி. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் அடிப்போடுவது அந்த வயிற்றுக் கொழுப்புதான்.

கேள்வி: கொழுப்புச் சதவீதம், தசை அளவு எல்லாம் காட்டும் ஸ்மார்ட் எடைக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். காலையில் 29 சதவீதம் காட்டியது, மாலையில் 26 காட்டுகிறது. எது சரி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரே பகலில் உங்கள் உடலில் 3 சதவீதக் கொழுப்பு கரைந்திருக்க வழியில்லை. இக்கருவி உள்ளங்கால் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அது எவ்வளவு தடைப்படுகிறது என்று பார்க்கிறது. தசையில் நீர் அதிகம் என்பதால் மின்சாரம் எளிதில் பாயும். கொழுப்பில் அப்படிப் பாயாது. அந்தத் தடையோடு உங்கள் வயதையும் உயரத்தையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டுக் கிடைப்பதே அந்தச் சதவீதம். அது அளந்து சொன்னதன்று, ஊகித்துச் சொன்னது. தண்ணீர் குடித்தாலும், வியர்த்தாலும், கால் ஈரமாக இருந்தாலும் மாறும். எப்போதும் ஒரே வேளையில் பார்த்து, மாதக் கணக்கில் போக்கு எப்படியிருக்கிறது என்று மட்டும் கவனித்தால் ஓரளவு உதவும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறக் கூடாது.

கேள்வி: வயது 62, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். எடை குறைக்கச் சொன்னார்கள். முழங்கால் வலியால் வீட்டு இயந்திரத்தில் தடுமாறாமல் நிற்கவே முடியவில்லை. வேறு எதை வைத்து முன்னேற்றத்தைத் தெரிந்துகொள்வது?
– வாசகி, மதுரை

பதில்: இயந்திரம் காட்டுவதைவிட நல்ல கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ1சி பரிசோதனை செய்வீர்களே, அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைச் சொல்வது. அதனுடன் ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு இருந்ததென்றால் அதன் நிலை ஆகியவற்றையும் ஒரே நோட்டில் தேதியிட்டு எழுதி வாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு உணவு குறையும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் எடை குறைகிறது என்று மகிழாமல், உடனே சர்க்கரையோ பழச்சாறோ எடுத்துக்கொண்டு, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் வயதில் நான் கொழுப்பைவிடத் தசையைப் பற்றியே அதிகம் கவலைப்படுவேன். பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். இயந்திரம் இரண்டையும் ஒரே வெற்றியாகக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நாற்காலி போதும். கையில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே வைத்து, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அருகில் ஒருவர் நிற்கட்டும். 60 முதல் 64 வயது வரையுள்ள பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் கால்வலு குறைவு என்று கொள்வார்கள். இன்று ஏழுதான் முடிந்தது என்றால் ஏழு என்று எழுதுங்கள். முழங்கால் வலி அதிகமானால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். இடுப்புச் சுற்றளவு குறைந்து, இந்த எண்ணிக்கை குறையாமல் அல்லது கூடி வந்தால் நீங்கள் சரியான வழியில் இளைக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சாப்பாட்டில் முட்டை, மீன், சுண்டல், தயிர் போதவில்லை, அல்லது உடற்பயிற்சி போதவில்லை என்று பொருள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் நாளுக்கு மூன்று நான்கு முறை எடை பார்க்கிறாள். அரைக் கிலோ கூடினால் அன்று இரவு சாப்பிடுவதில்லை. இயந்திரத்துக்குப் பதிலாக டேப் வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம், அம்மா. இயந்திரத்தின் இடத்துக்கு டேப் வந்தால் நாளுக்கு நான்கு முறை இடுப்பை அளப்பாள். மேலே மற்றவர்களுக்குச் சொன்ன எந்த அளவும் இப்போது அவளுக்கு உகந்ததன்று. அவளிடம் உடல் அமைப்பைப் பற்றிப் பேசாமல், தூக்கம் எப்படியிருக்கிறது, மாதவிடாய் தவறாமல் வருகிறதா, முடி கொட்டுகிறதா, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிடுகிறாளா என்று கவனியுங்கள். வீட்டில் உறவினர் யாரும் "பூசினாற்போல் ஆகிவிட்டாயே" என்று விளையாட்டுக்கும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது அடம் அன்று, நோயாகவும் இருக்கலாம். மனநல மருத்துவரிடம் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

கேள்வி: நீங்கள் இதே பகுதியில் முன்பு, எடை பார்ப்பதைக் குறைக்கும்படி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, இதயம் பலவீனமாகி மருந்து சாப்பிட்டுவரும் என் அப்பா தினமும் எடை பார்ப்பதை நிறுத்திவிட்டார். சரியா?
– வாசகர், வேலூர்

பதில்: சரியன்று, அன்றே இதைத் தெளிவாக எழுதாமல் விட்டது என் பிழை. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் எடை பார்ப்பது கொழுப்பை அறிய அன்று, தண்ணீரை அறியத்தான். மற்றவர்களைக் குழப்பும் அதே தண்ணீர்தான் அவர்களுக்கு முன்னெச்சரிக்கை. காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் அப்பா தினமும் எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் அன்றே அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் எடைக் கணக்கு தேவைப்படலாம். அவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். அப்பாவிடம் இன்றே இயந்திரத்தை எடுத்துக் கொடுங்கள். நிறுத்திய நாட்களுக்கு முன் கடைசியாக எழுதிய எடையோடு நாளைக் காலை எடையை ஒப்பிட்டுப் பாருங்கள்.