கடை போடப் பயமெண்டா எதுக்குப் பயப்பிட வேணுமெண்டு சொல்லுறன்

தம்பி, ரொறன்ரோ ஸ்காபரோவில ஒரு ரேக் அவுட், அதான் சாப்பாடு கட்டிக்குடுக்கிற கடை, போட ஆசை, ஆனா இருக்கிற காசும் போய் நடுத்தெருவில நிண்டா என்ன செய்யிறதெண்டு பயமாக் கிடக்கு, எந்தப் பக்கம் போட்டா ஓடுமெண்டு கேட்டிருக்கிறீர். எந்தப் பக்கம் எண்டதை விடும், அது நாலு நாள் ரோட்டில நிண்டு பாத்தாத் தெரியும். பயத்தைக் கேட்டீரே, அது நல்ல கேள்வி. துளியும் பயமில்லாமக் கடை திறந்த கனபேரை எனக்குத் தெரியும், இப்ப அவையின்ர கடையில வேற ஆக்களின்ர போர்ட் தொங்குது.

ஆனா நீர் எழுதினதைப் பாக்க, காசு போறதை விட நாலு சனம் என்ன கதைக்கும் எண்டதுதான் உமக்குப் பெரிசாக் கிடக்கு. எங்கட சனம் திறப்பு விழாவுக்கு வரும், குத்துவிளக்கேத்தும், போட்டோ எடுக்கும், பிறகு பக்கத்துக் கடையில றோல்ஸ் அம்பது சதம் குறைவெண்டா அங்க போயிடும். இவையின்ர வாய்க்குப் பயந்து என்ன செய்யப்போறீர்?

லீஸுக்குப் பயப்பிடும். அதில பேர்சனல் கரன்ரி எண்டு ஒரு பக்கம் வரும். கொம்பனி பதிஞ்சிட்டன், கடை போனா கொம்பனியோட போயிடும் எண்டு துள்ளுவினம், அந்தப் பக்கத்தில கையெழுத்து வைச்சா லீஸ் முடியுமட்டும் வாடகைக்கு உம்மட சொந்தச் சொத்துப் பொறுப்பு. மனிசியின்ர கையெழுத்தும் கேப்பாங்கள், குடுக்காதேயும். ஆறு மாச வாடகைக்கு மேல கரன்ரி நிக்க மாட்டன் எண்டு கேட்டுப் பாரும், சிலர் ஒத்துக்கொள்ளுவினம். வாடகைக்கு மேல ரிஎம்ஐ எண்டு வரி, பராமரிப்பு, இன்சூரன்ஸ் தனியா வரும், அதையும் சேத்துக் கணக்குப் போடும்.

வீட்டு வாடகை மாதிரி இழுத்தடிக்கலாமெண்டும் நினையாதேயும். ஒன்ராறியோவில கடை வாடகை 15 நாள் பிந்தினா, 16ஆம் நாள் கட்டிடச் சொந்தக்காரன் கோட்டுக்குப் போகாமலே பூட்டை மாத்தலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை காலமை கடை திறக்கப் போறார், கதவில பேப்பர் ஒட்டிக்கிடக்கு, திறப்புப் போகுது, திரும்புதில்லை. உள்ளுக்குக் கண்ணாடிப் பெட்டியில முதல் நாள் மிஞ்சின பற்றிஸ் அடுக்கினபடி. அவர் அதைப் பாத்துக்கொண்டு நிக்க, பின்னால ஒராள் வந்து "அண்ணை, இடியப்பம் ஓடர் குடுத்தனான், ரெடியோ?" எண்டு கேட்டவராம்.

அடுத்தது எச்எஸ்ரி, சனத்திட்ட வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டுற விற்பனை வரி. 13 வீதம், 4 டொலருக்கு மேல போகாத சாப்பாட்டுக்கு 5 வீதம். வருசத்தில 30,000 டொலருக்கு மேல வித்தாப் பதியத்தான் வேணும். கல்லாவில கிடக்கேக்க அது உம்மட காசு மாதிரித்தான் தெரியும், அதில வாடகை கட்டினவை பிறகு பட்ட பாடு! கொம்பனி எண்டாலும் டிரெக்டரைத்தான் பிடிப்பாங்கள். வேற எக்கவுண்டில போட்டுவையும். சீட்டைக் கழிவில எடுத்துக் கடைக்குள்ள கொட்டாதேயும், அதைப் பற்றி எழுதினா இண்டைக்கு முடியாது.

நாங்கள் 89இல கனடாவுக்கு வரேக்க இதெல்லாம் சொல்ல ஆர் இருந்தது? வெலஸ்லிப் பக்கம் ஒரு அப்பார்ட்மென்டில ஆறேழு பேர், ஆள் மாறி ஆள் நித்திரை. இத்தாலிக்காரன்ர ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினனான், இங்கிலீஷ் அரைகுறை, ஆனா அவன் குப்பைவாளியைக் கிளறிப் பாத்திட்டுத்தான் அடுத்த நாள் சாமானுக்கு ஓடர் குடுக்கிறதைப் பாத்துப் பிடிச்சனான். என்ர கடை இவ்வளவு காலம் ஓடுறது அதாலதான். இப்ப வாற பிள்ளையள் ரெண்டு வீடியோ பாத்திட்டு லீஸ் எடுக்கப் போகுதுகள்.

நீர் இருக்கிற வேலையை விடாமச் சனி ஞாயிறில ஒரு ரேக் அவுட்டில காலமை நாலு மணிக்குப் போய் நில்லும், ஒரு வருசம். எவ்வளவு விக்குது, எவ்வளவு எறியினம் எண்டு பாரும். சம்பளத்தைக் கைக்காசாக் குறைச்சுத் தரப் பாப்பினம், எங்கட முதலாளிமார் இதில விண்ணர், சட்டப்படி உள்ளதைக் கேட்டு வாங்கும்.