பரணிலிருந்து இறங்கிய கிட்டார்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பலவற்றிலும் ஒரே கதை. இளவயதில் வாசித்த கிட்டார் எங்கோ மூலைக்குப் போயிற்று. இப்போது மறுபடி கையில் எடுத்தால் விரல் ஒத்துழைக்க மறுக்கிறது. பழியை எல்லோரும் வயதின் மேல் போடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு கருவியில்தான் இருக்கிறது.

கேள்வி: 1986-இல், கல்லூரி நாட்களில் வாங்கிய கிட்டார். வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று பரணுக்குப் போய்விட்டது. ஓய்வு பெற்றதும் இறக்கினேன். நான்கு கம்பிதான் மிச்சம், அவையும் துருப்பிடித்துவிட்டன. புதுக் கம்பி போட்டால் வாசிக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வாசிக்கலாம். ஆனால் கடைக்குக் கிளம்புமுன் அது ஸ்டீல் கம்பிக் கிட்டாரா, நைலான் கம்பிக் கிட்டாரா என்று பாருங்கள். பிரிட்ஜில் (முகப்புப் பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) கம்பியைக் குத்தி நிறுத்த ஆறு சிறிய ஆணிகள் இருந்தால் ஸ்டீல். கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டும் துளைகள் இருந்து, தலைப்பகுதியில் நீளவாக்கில் இரண்டு திறப்புகளும் இருந்தால் பெரும்பாலும் நைலான். ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலான் 40 கிலோ அளவுதான். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி ஏற்றினால் சில மாதங்களில் முகப்புப் பலகை வீங்கி பிரிட்ஜ் பெயர்ந்து வரும். முன்பு யாராவது அப்படி ஏற்றியிருக்கவும் கூடும். அதனால் இப்போது இருக்கும் கம்பியை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது பிரிட்ஜ். மெல்லிய தாள் ஒன்றை அதன் பின்விளிம்புக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. கம்பியே ஏற்றாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். தயவுசெய்து ஃபெவிக்விக்கைத் தொடாதீர்கள். அது நொறுங்கும் பசை, இழுப்பைத் தாங்காது. பிறகு ஒழுங்காக ஒட்ட வருபவர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் மரத்தையும் சேர்த்துச் சுரண்ட வேண்டிவரும்.

பரண் என்றால் பூச்சியும் உண்டு. குண்டூசித் தலை அளவு துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உளுத்திருக்கிறது. தட்டிப் பாருங்கள், தூள் புதிதாகக் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வேறு எதற்கும் செலவழிக்க வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் முழு செட்டாகக் கம்பி வாங்குங்கள், பழையது ஒன்றைக்கூட விட்டு வைக்காதீர்கள். ஸ்டீல் என்றால் கடையில் '10–47' என்று கேளுங்கள். முதல் கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு தடிமன் என்று பொருள். வழக்கமாகக் கொடுக்கும் 12–53 செட்டைவிட இழுப்பு குறைவு. பழைய கருவிக்கும் பழக்கம் விட்ட விரலுக்கும் இரண்டுக்குமே அதுதான் நல்லது. ஏற்றியதும் ஒரேயடியாகச் சுருதி கூட்டாதீர்கள். முதல் நாள் ஒரு முழு சுரம் கீழே நிறுத்தி, மறுநாள் பிரிட்ஜைத் தாள் வைத்துச் சோதித்துவிட்டு மேலே ஏற்றுங்கள்.

கேள்வி: வயது 62. பத்து நிமிடம் வாசித்தால் விரல் நுனி எரிகிறது. கம்பியை அழுத்தவே முழு பலமும் வேண்டியிருக்கிறது. இனி எனக்கு இது சரிப்படாதோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, ஒரு ஸ்கேலை எடுங்கள். 12-ஆம் ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதிந்த உலோகப் பட்டை) உச்சியிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை எத்தனை மில்லிமீட்டர்? ஸ்டீல் கிட்டாரில் தடித்த ஆறாம் கம்பிக்கு 2.5, மெல்லிய முதல் கம்பிக்கு 2 இருந்தால் போதும். நைலானுக்கு 4, 3. ஸ்டீல் கிட்டாரில் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் இருபது வயதுப் பையனுக்கும் விரல் எரியத்தான் செய்யும்.

உயரத்துக்குக் காரணம் கழுத்து வளைவா, சேடில் (பிரிட்ஜில் கம்பிகள் படியும் மெல்லிய பட்டை) உயரமா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஆறாம் கம்பியை 1-ஆம் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் 14-ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், 7-ஆம் ஃப்ரெட் அருகே, ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகமென்றால் கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) இருக்கும் கிட்டாரில் ஆலன் கீயை வலப்புறமாகக் கால் சுற்று திருகி, ஒருநாள் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் முழுச் சுற்று திருகினால் மரை போய்விடும். அதோடு கழுத்தின் கதையும் முடிந்தது. நைலான் கிட்டார்களில் பெரும்பாலும் இந்த வசதியே கிடையாது.

கழுத்து நேராக இருந்தும் கம்பி உயரமாக இருந்தால் சேடிலைத் தேய்க்க வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும் என்பதே கணக்கு. கம்பிகளைத் தளர்த்திச் சேடிலை உருவி, கண்ணாடித் துண்டின் மேல் விரித்த 120 நம்பர் உப்புத்தாளில் அடிப்பக்கத்தை மட்டும் தேயுங்கள், 220-இல் முடியுங்கள். கையில் பிடித்தபடி தேய்த்தால் அடி உருண்டுவிடும், சத்தம் செத்துப்போகும். பழைய சேடிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு புதியதைத் தேய்ப்பது புத்திசாலித்தனம். தேய்த்ததை வளர்க்க முடியாது.

சேடில் ஏற்கெனவே பிரிட்ஜ் மட்டத்துக்கு இறங்கியிருந்து, அப்போதும் கம்பி உயரமா? அப்படியானால் கழுத்தின் கோணமே மாறியிருக்கிறது. அதைப் பிரித்து மறுபடி பொருத்தும் கூலி சாதாரணக் கிட்டாரின் விலையையே தாண்டலாம். நினைவுக்காக மட்டும் செலவழிப்பதானால் செய்யுங்கள்.

எரிச்சலைப் பற்றி: ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட, காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் என்று தினமும் வாசித்தால் மூன்று நான்கு வாரங்களில் தோல் தடித்துவிடும். குளித்த கையோடு வாசிக்காதீர்கள், ஊறிய தோல் உரியும். நுனியில் எரிச்சல் வருவது இயல்பு. மூட்டிலோ மணிக்கட்டிலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மற்ற கார்ட் (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) எல்லாம் வருகிறது. எஃப் மட்டும் முப்பது வருடமாக வரவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: 1-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டி, அதற்கடுத்த ஃப்ரெட்டில் அதே வடிவத்தைப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் தவறு உங்களுடையது அல்ல, நட்டில் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் படியும் பட்டை) கம்பிக்கான வெட்டுகள் ஆழமில்லை. உறுதிப்படுத்த, கம்பியை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி 1-ஆம் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். அங்கே ஒரு தாள் தடிமன் இடைவெளிதான் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் அழுத்தச் சிரமம் மட்டுமல்ல, முதல் ஃப்ரெட் சுரங்கள் சுருதி ஏறியும் ஒலிக்கும். நட்டை வெட்ட அதற்கான மெல்லிய அரம் வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள், ஒரு முறை அதிகமாக வெட்டிவிட்டால் புது நட்தான்.

கேப்போ போட்டும் வரவில்லை என்றால் விரல்தான். ஆள்காட்டி விரலின் சதைப் பக்கத்தால் அழுத்தாமல், எலும்பு தெரியும் பக்கவாட்டுக்குச் சற்றே உருட்டி, ஃப்ரெட்டை ஒட்டி வையுங்கள். ஆறு கம்பியையும் அது அழுத்த வேண்டியதில்லை. எஃப்-இல் அதன் பொறுப்பு ஆறாம் கம்பியும் முதல் இரண்டும்தான், நடு மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. முதலில் 5-ஆம் ஃப்ரெட்டில் பழகி, வாரம் ஒரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள்.

கேள்வி: சுருதி சேர்த்த ஐந்தாவது நிமிடம் இறங்கிவிடுகிறது. முறுக்காணியை மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். முறுக்காணியில் கம்பி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். தடித்த கம்பிக்கு 2, மெல்லியதற்கு 3 போதும். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி அடுக்காக இறங்க வேண்டும். திருகும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டால் நட்டில் கம்பி சிக்குகிறது, பென்சில் முனையால் அந்த வெட்டில் தேயுங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். சுருதி மிஞ்சிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

கேள்வி: எனக்குத் தெரிந்ததெல்லாம் சி, டி, ஜி, ஏ மைனர் வகைக் கார்ட்கள்தான். மகள் பாட்டு கற்கிறாள், சுருதி ஐந்தரைக் கட்டை. அவளோடு சேர்ந்து வாசிக்க வழி உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: கேப்போ எதற்கு இருக்கிறது? ஒரு கட்டை என்பது சி. இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரைக் கட்டைகள் ஆர்மோனியத்தில் இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள். ஐந்தரை என்றால் ஜி-க்கு அரைச் சுரம் மேலே. 1-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி ஜி, சி, டி, ஈ மைனர் என்று வாசித்தால் சரியாக உட்காரும். இரண்டரைக் கட்டைக்கு 3-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ, சி வடிவங்கள். நாலரைக்கு 4-ஆம் ஃப்ரெட், டி வடிவங்கள். கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டியே மாட்டுங்கள். நடுவில் மாட்டி இறுக்கினால் சுருதி ஏறும், பாடுபவர் முகத்தில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ராகத்தில் இல்லாத சுரம் கார்ட் வழியாக நுழைந்துவிடும். சி-யை ஷட்ஜமாக வைத்த மோகனத்தில் சி, டி, ஈ, ஜி, ஏ மட்டுமே உண்டு. அங்கே ஜி கார்ட் போட்டால் பி, அதாவது நிஷாதம், வந்துவிடும். எஃப் போட்டால் மத்யமம். முழுக் கார்ட்களில் தப்பிப்பவை சி-யும் ஏ மைனரும்தான். பஞ்சமத்தில் நிற்க வேண்டிய இடத்தில் ஜி, டி என்ற இரண்டு சுரங்களை மட்டும் மீட்டுங்கள். கீரவாணியில் இந்தத் தொல்லை குறைவு: ஏ-யை ஷட்ஜமாக வைத்தால் ஏ மைனர், டி மைனர், ஈ மேஜர் மூன்றும் ராகத்துக்குள்ளேயே அமைகின்றன. கிட்டார்க்காரர்களுக்கு அந்த ராகம் பிடித்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: கடற்கரை ஓரம் வீடு. கிட்டாரை எங்கே வைப்பது?
– வாசகி, சென்னை

பதில்: பெட்டிக்குள், வெளிச்சுவரை ஒட்டாமல். காற்றில் ஈரம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் மரத்துக்கு நல்லது. கூடினால் முகப்புப் பலகை உப்பிக் கம்பி உயரும். பெட்டியில் சிறிய ஈரமானி ஒன்றும் துணிப்பையில் சிலிக்கா ஜெல்லும் போடுங்கள். மாதக்கணக்கில் ஏசி ஓடும் அறையில் இதற்கு நேர்மாறான ஆபத்து, பலகை காய்ந்து வெடிக்கும். வாசித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் துணியால் துடையுங்கள், வியர்வை அங்கேதான் தங்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் ஒருபோதும் வேண்டாம். பசை இளகிவிடும்.

கேள்வி: காலமான அப்பா கிட்டார் வாசித்துப் பதிவு செய்த கேசட்கள் இரண்டு இருக்கின்றன, ஒன்று 60, ஒன்று 90. அவற்றைக் காப்பாற்றி, அவர் வாசித்ததை அப்படியே கற்க ஆசை.
– வாசகி, கோவை

பதில்: இன்று இரவே போட்டுக் கேட்டுவிடாதீர்கள். முதலில் கேசட்டின் முதுகு விளிம்பிலுள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகளையும் ஒடித்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. பிறகு ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளோ பொடியோ தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் கேசட் ஓட்டும் கருவியான டெக்கும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். நாடாவுக்குப் பின்னால் செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் சத்தம் மங்கி மங்கி வரும். வேறு கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்ற வேண்டும்.

60 நிமிட நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான், 90-க்கு 12 மைக்ரான். எனவே தடித்ததில் பழகிவிட்டு 90-க்கு வாருங்கள். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் நாடாவை ஒருமுறை முழுதாக ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். ஒட்டியிருக்கும் சுற்றுகள் பிரியும். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகைத் துளித்துளியாகத் திருப்பி, கம்பியின் ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். லைன் அவுட்டிலிருந்து கணினிக்கு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக, உச்ச அளவு –6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். ஸ்பீக்கர் முன்னால் செல்போனை வைத்துப் பதிவது வேண்டாம்.

கேட்கும் சுருதி அப்பா வாசித்த சுருதிதானா என்பது அடுத்த சிக்கல். கேசட் ஓட வேண்டிய வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர், ஆறு சதவீதம் பிசகினால் முழுதாக ஒரு அரைச் சுரம் மாறிவிடும். அவர் ட்யூனர் இல்லாமல் காதால் சேர்த்திருந்தால் கிட்டாரை வைத்தே நிச்சயிக்க முடியாது. ஒரு தடயம் உண்டு. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முரல் (ரீங்காரம்) பதிவில் இருக்கலாம். ஒலி மென்பொருளின் அலைவரிசைப் படத்தில் அது 52-இல் தெரிந்தால் நாடா சுமார் நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது. கேசட்டை நிறுத்தியபின்னும் அந்த முரல் தொடர்ந்தால் அது உங்கள் டெக்கினுடையது, கணக்கில் எடுக்காதீர்கள். மின்சாரமும் அந்நாளில் 50-இலேயே அசையாமல் நின்றதில்லை, ஆகவே கிடைப்பது நெருங்கிய விடைதான்.

கற்பதற்கு, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் 60 சதவீதமாகக் குறைத்துக் கேளுங்கள். இரைச்சல் நீக்குவதானால் நகலில் மட்டும், 6 டெசிபல் அளவோடு நிறுத்துங்கள். ஏனென்றால் தடித்த கம்பிகளில் விரல் நழுவும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் எழும், அதிகம் துடைத்தால் முதலில் போவது அதுதான். எந்த இடத்தில் அப்பாவின் கை கழுத்தில் மேலேறியது, எங்கே இறங்கியது என்று அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.