கார் படத்துக்கு 50 எம்எம் வாங்கலாமா? முதலில் தப்படி போட்டு எண்ணுங்கள்

கேள்வி: அண்ணா, கோத்தகிரியில் மாமா பழைய கார் வாங்கி விற்கிறார். விளம்பரப் படங்களை நான்தான் எடுக்கிறேன். கேமரா கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ். கையில் 10,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். 50 எம்எம் எஃப் 1.8 வாங்கு, கார் மட்டும் தனியாகத் தெரியும், பின்னால் எல்லாம் கரைந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். ஒரு நண்பன் 85 என்கிறான், இன்னொருவன் 24 என்கிறான். எங்கள் யார்டு சின்னது. வாசலில் இறங்கினால் ரோடுதான். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, லென்ஸ் பேச்சுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. யார்டில் ஒரு காரைப் பக்கவாட்டாக நிறுத்துங்கள். அதன் கதவிலிருந்து நேராகப் பின்னோக்கி, சுவரோ சாக்கடையோ தட்டும்வரை தப்படி போட்டு எண்ணுங்கள். உங்களுக்கு எந்த லென்ஸ் என்பதை அந்த எண் பாதி முடிவு செய்துவிடும்.

காரணம் இதுதான். லென்ஸின் எம்எம் எண் கூடக் கூட அது பார்க்கும் அகலம் குறுகும், நீங்கள் அவ்வளவு பின்னால் போக வேண்டும். உங்கள் கேமராவில் இருப்பது சின்ன சென்சார், அகலம் 22.3 மில்லிமீட்டர். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 80 எம்எம் காட்டும் அளவுதான் உங்கள் கேமராவில் 50 எம்எம் காட்டும். இந்த ஊரில் அதிகம் ஓடும் சின்னக் கார்கள் நான்கு மீட்டருக்குள் அடங்குபவை. முன்னும் பின்னும் கொஞ்சம் காற்றுவிட்டு எடுக்க ஃபிரேமில் ஐந்தரை மீட்டர் அகலம் வேண்டும். அதற்கு 24 எம்எம்மில் 6 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 35-இல் எட்டரை மீட்டர். 50-இல் 12 மீட்டருக்கு மேல். 85 என்றால் 21 மீட்டர்! மலையில் 21 மீட்டர் பின்னால் போனால் அடுத்த வீட்டுத் தோட்டத்தில்தான் நிற்பீர்கள். அதனால் 85-ஐ இங்கேயே விட்டுவிடலாம். புதிதாக வாங்க உங்கள் பட்ஜெட்டும் இடம் தராது.

12 மீட்டர் என்பது சாதாரண நடையில் சுமார் 16 தப்படி. சமவெளியில் இது ஒரு பொருட்டே இல்லை, ஏதாவது ஒரு மைதானம் கிடைத்துவிடும். நம் ஊரில் ரோட்டுக்கு ஒரு பக்கம் மண் சரிவு, மறுபக்கம் பள்ளம். இரண்டு வண்டி போகும் ரோடே 7 மீட்டர்தான். காரை ஓரமாக நிறுத்திவிட்டு எதிர் ஓரத்தில் நின்றாலும் 50-இல் கார் முழுசாக வராது, முன் பம்பரோ பின் பம்பரோ வெட்டுப்படும். நான் முதன்முதலில் 50 வாங்கிய வாரம், கட்டபெட்டு பக்கம் ஒரு ஜீப்பை எடுக்கப் போனேன். வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டே இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி என்று பின்னால் நகர்ந்து, தேயிலைத் தோட்டத்து வாய்க்காலில் இடுப்புவரை போய்விட்டேன். கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்ததால் அது தப்பித்தது. பின்னால் நகரும்போது திரும்பிப் பாருங்கள். வாய்க்கால் பரவாயில்லை, சாயங்காலம் ஆனால் தோட்டத்துக்குள் காட்டெருமையும் நிற்கும்.

சரி, கிட்டே நின்று 18-லேயே எடுத்துவிட்டால் என்ன? விற்பனைப் படங்களில் நான் அதிகம் பார்க்கும் தப்பு அதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் இரண்டரை மீட்டர். முன் சக்கரத்திலிருந்து 2 மீட்டரில், காரின் முன்மூலையை ஒட்டி நின்றால், பின் சக்கரம் உங்களிடமிருந்து நாலரை மீட்டர் வரை தள்ளிப் போய்விடுகிறது. படத்தில் முன் சக்கரம் பூசணிக்காய், பின் சக்கரம் எலுமிச்சம்பழம். அதே மூலையிலிருந்து 6 மீட்டர் தள்ளி நின்றால் இந்த வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குள் வந்துவிடும். 12 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான், கண் அதைப் பெரிதாகக் கவனிக்காது. கார் கார் மாதிரியே தெரிகிறது. இதில் லென்ஸின் பங்கு ஒன்றுமில்லை, நீங்கள் நிற்கும் தூரம்தான் எல்லாம். தூரமாக நிற்க வைப்பதுதான் 50 செய்யும் உதவி.

அடுத்து அந்தக் 'கரைந்துவிடும்' கதை. ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தை ஒன்றரை மீட்டரில் எடுத்தால் பின்னணி பஞ்சாகும். உண்மைதான். ஆனால் கார் பெரிய சாமான். முழுக் காரையும் 50-இல் 12 மீட்டரிலிருந்து, எஃப் 1.8-இல், அதாவது லென்ஸின் ஒளித் துளையை (அப்பர்ச்சர்) முழுக்கத் திறந்து எடுத்தாலும், தூரத்தில் இருக்கும் ஒரு விளக்குப் புள்ளி ஃபிரேம் அகலத்தில் 200-இல் ஒரு பங்கு அளவுக்குத்தான் மங்கும். லேசான மென்மை, அவ்வளவுதான். பஞ்செல்லாம் கிடையாது. அதே லென்ஸில் ஹெட்லைட்டை ஒரு மீட்டரில் எடுத்துப் பாருங்கள், அந்தப் புள்ளி ஃபிரேமில் 15-இல் ஒரு பங்கு அகலத்துக்குப் பெரிய வட்டமாக விரியும். ஆக 1.8 என்கிற எண் வேலை செய்வது ஹெட்லைட், கியர் குமிழ், ஸ்டீயரிங் தையல், பழைய அம்பாசடரின் கிரில் மாதிரியான நெருக்கப் படங்களில். முழுக் காருக்குத் துளையைச் சுருக்கி எஃப் 4-இலிருந்து 8-க்குள் வைப்பதுதான் சரி, கார் முழுவதும் துல்லியமாக வரும்.

முழுக் காருக்கும் பின்னணி கரைய வேண்டும் என்றால் லென்ஸைவிட இடம்தான் உதவும். காருக்குப் பின்னால் சுவர் இருந்தால் எந்த லென்ஸாலும் ஒன்றும் ஆகாது. கோடநாடு போகும் ரோட்டில், காருக்குப் பின்னால் நிலம் சட்டென்று கீழே இறங்கும் வளைவுகள் இருக்கின்றன. அங்கே கார் முடிந்ததும் அடுத்து தெரிவது ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சரிவு. அதன்மேல் கொஞ்சம் மஞ்சு படர்ந்துவிட்டால் சில்வர் ஓக் மரங்கள் சாம்பல் கோடுகளாகிவிடும், கார் மட்டும் நிறத்தோடு முன்னால் நிற்கும். இதை வேறு ஊர்க்காரர்கள் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. மஞ்சில் கேமரா ஏமாந்து படத்தை இருட்டடித்துவிடும் என்பதால் எக்ஸ்போஷரை அரையிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைக் கார் என்றால் ஒன்றுக்குக் குறையாமல். இன்னொன்று, மேகம் மூடிய வானம் காருக்கு மேலே விரித்த பெரிய வெள்ளைத் துணி மாதிரி. பானெட்டில் அதன் வெளிச்சம் ஒரே சீராக வழுக்கிப் போகும். உச்சி வெயிலில் அந்த வரம் கிடைக்காது. அப்புறம், வளைவிலேயே காரை நிறுத்தாதீர்கள். வளைவு தாண்டி, வண்டிகள் ஒதுங்க விட்டிருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். எஸ்டேட் ரோடு என்றால் கேட்டுவிட்டுப் போங்கள்.

இப்போது உங்கள் 10,000. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். 18-55-ஐ 24-இல் வைத்து, ஜூம் வளையம் நகராமல் பேப்பர் டேப் ஒட்டுங்கள். செல்லோ டேப் வேண்டாம், பசை ஒட்டிக்கொள்ளும். மூன்று நாள் அதிலேயே வேலை செய்யுங்கள். பிறகு டேப்பை 55-க்கு மாற்றி மூன்று நாள். 50-க்கும் 55-க்கும் இருக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு தப்படிதான். எதில் எடுத்த படங்களைப் பார்த்து மாமா 'இதைப் போடு' என்கிறார் என்று பாருங்கள்.

55-இல் மூச்சுத் திணறாமல் வேலை நடந்தால் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் வாங்குங்கள், அதுவும் செகண்ட் ஹேண்டில். அதிகம் கைமாறும் லென்ஸ் அது. 2015-இல் வந்தது, எடை 160 கிராம், 35 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். இதற்கு முந்தைய மாடல் 1990-இல் வந்தது, இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் மவுண்ட் பிளாஸ்டிக், அப்பர்ச்சர் துளையைச் சுருக்கும் இதழ்கள் ஐந்துதான். கொஞ்சம் அப்பர்ச்சரைக் குறைத்து எடுத்தால், பின்னணியில் மங்கும் டெயில் லைட்டெல்லாம் ஐங்கோணமாகத் தெரியும். எஸ்டிஎம்மில் இதழ்கள் ஏழு, மவுண்ட் உலோகம். சேர்த்து வைத்து எஸ்டிஎம்மே வாங்கலாம்.

55-இல் ஒவ்வொரு படமும் வெட்டுப்பட்டால் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் பாருங்கள். பணியாரம் மாதிரி சின்னதாக, 125 கிராமில் இருக்கும், 16 சென்டிமீட்டர் வரை நெருங்கும். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்பர்ச்சரை 8-க்கு வைத்து, முக்காலியில் (டிரைபாட்) நிறுத்தி எடுத்த முழுக் கார் படத்தில் அதற்கும் கேமராவோடு வந்த உங்கள் கிட் லென்ஸின் 24-க்கும் உள்ள வித்தியாசத்தை விளம்பரம் பார்க்கும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நின்றிருக்கும் கார் ஓடிப் போகாது. வெளிச்சம் குறைந்தால் 1.8-ஐவிட முக்காலி அதிகம் கைகொடுக்கும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் 50-இல் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். கையில் பிடித்தால் ஷட்டர் ஒரு நொடியில் 100-இல் ஒரு பங்கைவிட மெதுவாக வேண்டாம். உள்பக்கம் எடுக்க ஜூம் இல்லாத எந்த பிரைம் லென்ஸும் வேண்டாம், கிட் லென்ஸின் 18 போதும்.

என் கையில் அந்தப் பணம் இருந்தால், லென்ஸுக்கு முன்பே பிரதிபலிப்பை அடக்கும் ஒரு ஃபில்டர், சர்க்குலர் போலரைசர், வாங்கிவிடுவேன். காரில் பாதி கண்ணாடி, மீதி கண்ணாடி மாதிரி பளபளக்கும் பெயின்ட். விண்ட்ஷீல்டில் வானம் வெள்ளையாகப் படிந்து சீட்டே தெரியாது. ஃபில்டரை மெல்லத் திருகும்போது அந்த வெள்ளை விலகி ஸ்டீயரிங் எட்டிப் பார்க்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் 'அட' என்பார்கள். குரோம் பம்பரில் மட்டும் இது எடுபடாது. வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை அது வெட்டாது. ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் விழுங்கும்.

அளவு விஷயத்தில் காசை வீணாக்காதீர்கள். ஃபில்டர் மாட்டும் வாய் அளவு உங்கள் கிட் லென்ஸுக்கு 58 மி.மீ., 50 எஸ்டிஎம்முக்கு 49, 24-க்கு 52. மூன்று போலரைசர் வாங்க வேண்டியதில்லை. 58-இல் ஒன்று வாங்கி, சின்ன வாயில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் வளையம் ஒன்று போட்டால் போதும்: 50 என்றால் 49-இலிருந்து 58-க்கு, 24 என்றால் 52-இலிருந்து 58-க்கு. 1500டியோடு அதிகம் வரும் 18-55 ஐஎஸ் 2 லென்ஸில் ஒரு தொந்தரவு உண்டு. ஃபோகஸ் பிடிக்கும்போது முன்பக்கமே சுழலும், நீங்கள் திருகி வைத்த போலரைசரும் கூடவே சுழன்றுவிடும். முதலில் ஃபோகஸ், அப்புறம் ஃபில்டர். 50-இலும் 24-இலும் இந்தப் பிரச்சினை இல்லை.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் பார்க்க கோயம்புத்தூர் இறங்கும்போது ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி, அல்லது கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், தொடாதீர்கள். கீழே ஒரு கடையில் அவசரத்தில் பார்க்காமல் நான் வாங்கிய ஒரு லென்ஸ், இங்கே ஒரு மழைக்காலம் கழிவதற்குள் முழுக்கப் பூத்துவிட்டது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோல் பையில் வைத்து பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத சமையலறை டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. குளிரில் வேலை முடித்து, அடுப்பு எரியும் வீட்டுக்குள் நேராகக் கொண்டுபோனால் கண்ணாடி வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.

விற்பனைப் படம் என்பதால் கடைசியாக ஒன்று. கதவில் இருக்கும் நெளிவு நம் கண்ணுக்குத் தெரிவதே அதில் விழும் பிரதிபலிப்பு வளைவதால்தான். போலரைசர் அந்தப் பிரதிபலிப்பை அடக்கும்போது நெளிவும் சேர்ந்து மறையப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு பக்கமும் ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுத்து விளம்பரத்தில் சேர்த்துவிடுங்கள். படத்தைப் பார்த்து மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தவர், நேரில் நெளிவைப் பார்த்துவிட்டு மாமாவிடம் பத்தாயிரம் குறைக்கச் சொன்னால், உங்கள் அடுத்த லென்ஸ் அதில் போய்விடும்.