தொட்டி மல்லிகையில் இலை மஞ்சளாவது ஏன்?

கும்பகோணத்தில் மொட்டைமாடித் தொட்டி மல்லிகை மஞ்சளாகிறது, உரம் போட்டும் மாறவில்லை என்கிறீர்கள். சரி, உரத்தை நிறுத்திவிட்டு எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலைகள் மட்டும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. மட்கிய சாணம் போதும். துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, மாதம் ஒருமுறை வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.

எனக்கென்னவோ வேர்மேல்தான் சந்தேகம். நம் பக்கம் வயல் களிமண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பிவிடுகிறோம். ஐப்பசி மழையில் அது இறுகி, அடித்துளையை அடைத்துவிடும்; தண்ணீர் தேங்கி வேர் அழுகும். செடியைப் பெயர்த்துப் பாருங்கள். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும், இழுத்தால் தோல் உரிந்து கையோடு வரும். அதை வெட்டிவிட்டு, மணலும் தொழுவுரமும் கலந்த மண்ணில் நட்டு, மேல்மண் காய்ந்தபின் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.